பருத்தி விதைக்குக் கந்தக அமிலம்: பாட்டிலைத் திறக்கும் முன் தண்ணீரை நிரப்புங்கள்



பஞ்சு பிரித்தெடுத்த பின்னும் பருத்தி விதையின் மேல் குட்டையான இழைகள் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இழைகளால் விதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குழிக்கு ஒன்றிரண்டாக எடுத்து ஊன்ற முடியாமல் போகும். மண் ஈரம் விதைக்குள் எளிதில் இறங்காது. பாக்டீரியா இலைக்கருகல் நோயின் கிருமிகளும் பூச்சி முட்டைகளும் இந்த இழைகளில் தங்கியிருக்கும். பொக்கு விதையையும் நல்ல விதையையும் நீரில் போட்டுப் பிரிக்கவும் இயலாது.

இக்குறைகளை எல்லாம் நீக்க, அடர் கந்தக அமிலத்தால் பஞ்சு நீக்கும் முறை நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. கடையில் பொட்டலமாக வாங்கும் வீரிய ஒட்டு விதைகள் பெரும்பாலும் பஞ்சு நீக்கியே வருகின்றன. அவற்றுக்கு இந்த நேர்த்தி தேவையில்லை. எம்.சி.யு. 5 போன்ற இரகங்களில் சொந்தமாக விதை எடுத்து வைப்பவர்களுக்குத்தான் இது உதவும்.

முறை எளிது. ஆனால் அமிலம் எளிதானதல்ல. ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர்கள் கண்ணாடியும் கையுறையும் அணிந்து தொடும் அதே பொருளை நாம் களத்து மேட்டில் வாளியில் ஊற்றுகிறோம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே அமிலத்தின் குணத்தை அறிந்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

அமிலத்தின் குணம் என்ன?

அடர் கந்தக அமிலம் எண்ணெய் போலக் கெட்டியாக இருக்கும். ஒரு லிட்டர் அமிலம் ஏறக்குறைய 1.8 கிலோ எடை இருக்கும். நீரை உறிஞ்சுவது இதன் முதல் குணம். பஞ்சு, மரம், வைக்கோல், தோல் எதன் மீது பட்டாலும் அதிலுள்ள நீரைப் பிடுங்கிக் கருக்கிவிடும். விதையின் மேலுள்ள இழைகள் கரைவதும் இதனால்தான். அதே வேலையை அது நம் தோலிலும் செய்யும்.

நீருடன் சேரும்போது கடும் சூட்டைக் கிளப்புவது இரண்டாவது குணம். நூறு மில்லி அமிலம் அரை லிட்டர் நீருடன் சேர்ந்தால் அந்த நீர் கை வைக்க முடியாத அளவு சூடாகிவிடும். அதே அமிலம் பத்து லிட்டர் நீருடன் சேர்ந்தால் சூடு ஏறியதே தெரியாது. விபத்துக்கும் பாதுகாப்புக்கும் உள்ள வேறுபாடு இந்த நீரின் அளவில்தான் இருக்கிறது.

அமிலத்தின் மேல் சிறிதளவு நீரை ஊற்றினால், எடை குறைந்த நீர் மேலேயே நின்று, அந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். ஆகவே அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது. நிறைய நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு விதியை வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

நீர்த்த அமிலம்தானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. துணியில் பட்ட நீர்த்த அமிலத்தில் நீர் மட்டும் ஆவியாகிப் போகும். அமிலம் தங்கி அடர்த்தியாகும். காலையில் பட்ட துளி மாலையில் வேட்டியில் ஓட்டை போடுவது இப்படித்தான்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

1. காற்றோட்டமுள்ள திறந்த வெளியைத் தேர்ந்தெடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். குழந்தைகளையும் கால்நடைகளையும் அருகில் விடாதீர்கள்.

2. விதையை நன்கு காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈர விதையில் அமிலம் பட்டால் சூடு கிளம்பி முளை கெட்டுவிடும். உடைந்த, கீறல் விழுந்த விதைகளைப் பொறுக்கி நீக்குங்கள்.

3. பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துங்கள். இரும்பு, துத்தநாக முலாம் பூசிய வாளி, அலுமினியப் பாத்திரம் ஆகியவை கூடாது. அமிலம் இவற்றை அரிப்பதோடு, தீப்பற்றக்கூடிய வாயுவையும் வெளியிடும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கக்கூடாது.

4. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் காலணி, பிளாஸ்டிக் மேலங்கி ஆகியவற்றை அணியுங்கள். கால்சட்டையின் விளிம்பு காலணிக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் அமிலம் காலணிக்குள் இறங்கித் தங்கிவிடும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது கண்ணைக் காக்காது.

5. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விதை கழுவ நீரை நிரப்பி வையுங்கள். ஒரு கிலோ விதைக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் நீர் இருக்க வேண்டும். உடலில் பட்டால் கழுவுவதற்கு வேறொரு தொட்டி நீரோ, ஓடும் குழாயோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் தயாரான பிறகே பாட்டிலைத் திறக்க வேண்டும். மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

6. தனியாகச் செய்யாதீர்கள். உதவிக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும்.

பஞ்சு நீக்கும் முறை

ஒரு தடவைக்கு ஒரு கிலோ விதை போதும். விதையை வாளியில் போட்டு, அதன் மேல் நூறு மில்லி அடர் கந்தக அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். அளப்பதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு டம்ளர் வேண்டாம். நீண்ட மரக்குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளறுங்கள். முகத்தை வாளிக்கு நேராகக் குனிய வைக்காதீர்கள். விதை காப்பித்தூள் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் விதைத்தோல் அரிபட்டு முளைப்பு குறையும்.

அடுத்துச் செய்வதுதான் ஆபத்தான கட்டம். அமிலம் தோய்ந்த விதையின் மேல் செம்பு செம்பாக நீர் ஊற்றினால் சூடு கிளம்பித் தெறிக்கும், முளையும் வெந்துவிடும். ஆகவே வாளியைத் தொட்டியின் விளிம்பருகே தாழ்த்திப் பிடித்து, விதையைத் தயாராக உள்ள தொட்டி நீரில் மெதுவாகச் சரித்து விடுங்கள். பிறகு உடனே கிளறி, அமில நீரைத் தனிப் பாத்திரத்தில் வடித்து, புது நீரில் நான்கைந்து முறை கழுவுங்கள். மிதக்கும் பொக்கு விதைகளை அரித்து நீக்குங்கள். அடியில் தங்குபவையே நல்ல விதைகள். கடைசிக் கழுவலுக்கு முன் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு முறை அலசுவது நல்லது. கடைசி நீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்தால் அது சிவப்பாக மாறக்கூடாது. நாக்கில் வைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள். பின்னர் விதையை நிழலில் உலர்த்துங்கள்.

கழிவு நீரை என்ன செய்வது?

வடித்த அமில நீரை வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ, மீன் குளத்திலோ விடாதீர்கள். அந்த நீரில் நீற்றிய சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுங்கள். செலவான ஒவ்வொரு லிட்டர் அமிலத்துக்கும் சுமார் ஒன்றரை கிலோ சுண்ணாம்பு தேவைப்படும். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஜிப்சம் ஆகிவிடும். நீற்றாத சுண்ணாம்புக் கல்லைப் போடாதீர்கள், அதுவும் சூட்டைக் கிளப்பும். இந்த வேலை முடியும்வரை கையுறையையும் கண்ணாடியையும் கழற்ற வேண்டாம். சுண்ணாம்பும் கண்ணுக்குப் பகைதான்.

தரையில் அமிலம் கொட்டினால் உலர்ந்த மணலைப் போட்டு மூடி, பிறகு சுண்ணாம்பு தூவி அள்ளுங்கள். மரத்தூள், வைக்கோல், சாக்கு ஆகியவற்றால் துடைக்கக்கூடாது.

உடலில் பட்டுவிட்டால்

தோலில் பட்டவுடன், ஒரு நொடியும் தாமதிக்காமல் நிறைய நீரை விட்டுக் கழுவுங்கள். அமிலம் பட்ட உடை, வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழுவிக்கொண்டே அகற்றுங்கள். குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, சோடா உப்பு, மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதையும் தடவாதீர்கள்.

கண்ணில் பட்டால் இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, இருபது நிமிடம் நீரை மெல்ல ஓடவிடுங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்புறமாக இருக்குமாறு தலையைச் சாய்த்தால் மற்றக் கண்ணுக்கு அமிலம் போகாது. கண்ணைக் கசக்கக்கூடாது. வலி குறைந்துவிட்டாலும் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தவறி விழுங்கியவருக்கு வாந்தி வரவழைக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுக்காதீர்கள். மேலேறும் அமிலம் உணவுக்குழாயை மறுபடியும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாட்டிலின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

வாங்குவதும் வைப்பதும்

2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி, சில்லறையில் அமிலம் வாங்குபவர் முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்டி, எதற்காக வாங்குகிறார் என்பதையும் பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. ஆகவே பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்லாதீர்கள். கழிவறை கழுவும் அமிலமும் பேட்டரித் திராவகமும் இந்த வேலைக்கு ஆகா.

தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீதமிருந்தால் அதே பாட்டிலில் இறுக மூடி, பூட்டிய அறையில் தரை மட்டத்தில் வையுங்கள். தலைக்கு மேலுள்ள பரணில் வைக்கக்கூடாது. குளிர்பானப் பாட்டிலிலோ மதுப் பாட்டிலிலோ ஒருபோதும் மாற்றாதீர்கள். உரம், பூச்சிமருந்து, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

விதை கொஞ்சம்தான் என்றால், அல்லது கண்ணாடியும் கையுறையும் கிடைக்கவில்லை என்றால், அமிலத்தைத் தொடவே வேண்டாம். நம் முன்னோர் செய்தது போல விதையைச் சாணமும் செம்மண்ணும் குழைத்த கரைசலில் தேய்த்து உலர்த்தினால் இழைகள் படிந்து, ஊன்றுவதற்கு விதை தனித்தனியாக வரும். கிருமிகளை அது அழிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பருவத்து விதையைவிட உங்கள் கண் பெரிது.