மலை வீட்டுக்கு ஆயத்தச் சட்டகம்

ஏற்காட்டில் சொந்தமாக ஓர் இல்லம் எழுப்ப எண்ணியிருக்கும் வாசக அன்பர்களே! கொத்தனாரைத் தேடுமுன் வானத்தைச் சற்று நோக்குங்கள். சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் இட்டு, பலகை பிரிக்கக் காத்திருக்கும் வழக்கமான முறையில் அங்கே வேலை தடைப்படும் நாள்கள் பல. வெளிநாட்டில் பாடுபட்டு அனுப்பிய பணம், நின்றுபோன வேலையிலும் குடியிருக்கும் வீட்டு வாடகையிலும் கரைவதை நம்மில் பலர் அறிவர்.

இதற்கு மாற்று, தூண், உத்தரம், தளப்பலகை ஆகியவற்றை ஆலையிலேயே ஆயத்தம் செய்து மனையில் பொருத்துவதாகும். மனையில் அடித்தளம் எழும்போதே ஆலையில் சட்டகம் உருவாகிவிடும். காலம் மிச்சமாவது இதனால்தான். கலவையின் தரமும் ஆலையில் கண்காணிப்புக்கு உட்பட்டது. சென்னை பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற 1,152 வீடுகள், இம்முறையில் எழும்பி 2022 மே மாதம் திறந்துவைக்கப்பட்டன.

ஆனால் பெரும்பாக்கம் சமவெளி. ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள்! நீண்ட உத்தரம் ஏற்றிய லாரி அங்கே திரும்புமா? சரிவான மனையில் கிரேன் நிற்குமா? ஆகவே, மலைக்கு ஏற்றவை சிறு உறுப்புகளே. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த தளமுறையில், சிறு உத்தரங்களின் மீது குறுகிய கான்கிரீட் பலகைகளை அடுக்கி, மேலே மெல்லிய கான்கிரீட் பரப்பிப் பிணைக்கின்றனர். பலகைகளை ஆட்களே தூக்கிவிடலாம். துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுச் சட்டங்கள் இன்னும் இலகுவானவை. அடித்தளத்தின் சுமையும் குறையும். ஆயினும் பனிமூட்டத்தின் ஈரம் பொல்லாதது. வெட்டிய முனைகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அவசியம்.

ஒற்றை வீட்டுக்கு இம்முறை மலிவு என்று எவரேனும் கூறினால் உடனே நம்பிவிடாதீர்கள். அச்சுச் செலவு பல வீடுகளுக்குப் பகிரப்படும்போதே குறையும். மிச்சமாவது பெரும்பாலும் நாள்களே. மண்பரிசோதனையும் மலைப்பகுதிக் கட்டட அனுமதியும் இதிலும் தவிர்க்க இயலாதவை.

மற்றொன்று: வார்த்த பலகையில் பின்னர் துளையிடுவது ஆபத்து. அடுப்படிக் குழாய், ஒளூச் செய்யுமிடத்தின் வடிகால், மின்கம்பி வழி யாவும் வரைபடத்திலேயே முடிவாகவேண்டும். இல்லத்தரசியை அப்போதே அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தூணும் உத்தரமும் இணையும் மூட்டுகளின் விவர வரைபடத்தைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முன்பணம் கொடுங்கள்.