உங்களுக்குத் தெரியுமா? பாருக்குள் பிஸ்டல்!

இடுப்பில் பிஸ்டலோடு பாருக்குள் போய் உட்காரலாமா, கூடாதா? அமெரிக்காவில் இதற்காகச் சட்டமன்றமும் ஆளுநரும் நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள்!

டென்னசி மாநிலம், 2009. மது விற்கும் உணவகத்துக்குள் துப்பாக்கி வரலாம் என்று மசோதா வந்தது. ஆளுநர் ஃபில் பிரெடசன் முடியாது என்று திருப்பி அனுப்பினார். அவரையும் மீறி நிறைவேற்றினார்கள்! நவம்பரில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. காரணம் என்ன தெரியுமா? எது உணவகம், எது பார் என்று சட்டத்திலேயே தெளிவில்லை! 2010-ல் மறுபடி மசோதா, மறுபடி ஆளுநர் மறுப்பு, மறுபடி நிறைவேற்றம்!

அரிசோனாவில் 2009 செப்டம்பர் 30 முதல் அனுமதி உண்டு. உரிமம் இருக்க வேண்டும், கடைக்காரர் தடைப் பலகை மாட்டியிருக்கக் கூடாது. அப்புறம் முக்கியமான நிபந்தனை. துப்பாக்கியோடு போனவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது!

டெக்சாஸில் எல்லாம் கணக்குதான். அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவில் இருந்து கடை வருமானத்தில் பாதிக்கு மேல் வந்தால் துப்பாக்கிக்குத் தடை. வாசலிலேயே சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கும்: 51%!

கௌபாய் காலத்திலேயே இந்தக் கட்டுப்பாடு உண்டு! 1881 ஏப்ரலில் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊர் சட்டம் போட்டது. ஊருக்குள் நுழைந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும். எங்கே? குதிரை லாயத்தில்... அல்லது சாராயக் கடையில்!

இப்போது நம்ம ஈரோட்டுக்கு வாங்க!

தேர்தல் தேதி அறிவித்தால் போதும். லைசென்ஸ் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். காட்டுப்பன்றியிடம் இருந்து பயிரைக் காக்க வாங்கியதும் சரி, பீரோவுக்குள் கிடக்கும் பிஸ்டலும் சரி. துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதி, ரசீது தருவார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கணும்! தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் துப்பாக்கி கைக்குத் திரும்பும். வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.

அந்தப் பக்கம் டாஸ்மாக்குக்கும் பூட்டு! வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் மது விற்கக் கூடாது. இது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 135சி! ஓட்டு எண்ணும் நாளிலும் கடை கிடையாது. துப்பாக்கியும் பாட்டிலும் ஒரே நேரத்தில் பூட்டுக்குள்!

ஈரோடு கிழக்குக்காரர்கள் இதை எத்தனை முறை பார்த்தார்கள்? 2023 பிப்ரவரி 27 இடைத்தேர்தல். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். 2025 பிப்ரவரி 5 மறுபடி இடைத்தேர்தல். இரண்டே ஆண்டுக்குள் மூன்று தேர்தல்!

அடுத்த எண்ணைக் கேளுங்கள். 2016 இறுதியில் தமிழ்நாடு முழுக்க இருந்த துப்பாக்கி உரிமங்கள் வெறும் 22,532! உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம்! 2011 மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போட்டேன். அங்கே சுமார் 156 பேருக்கு ஒரு உரிமம். இங்கே சுமார் 3,200 பேருக்கு ஒன்று! நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், இது நம் பெருமை!

டாஸ்மாக்கில் 21 வயது ஆகாதவருக்கு மது கிடையாது. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் கேட்கும் வயது? அதுவும் 21!

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறைக்குள் போட்டு முழுக்க மூடித்தான் எடுத்துப்போக வேண்டும். 2016 ஆயுத விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கல்யாணத்தில் தூக்கிக் காட்டினாலே உரிமம் பறிபோகலாம்! கொண்டாட்டம் என்று ஆபத்தாகச் சுட்டால்? 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

இதையெல்லாம் கெடுபிடி என்று நினைப்பவர்கள் ஜெசிகா லாலை மறக்கக் கூடாது. 1999 ஏப்ரல் 29 இரவு, டெல்லி டாமரிண்ட் கோர்ட் உணவகம். நள்ளிரவு தாண்டிவிட்டது, இனி மது இல்லை என்றார் அங்கே மது பரிமாறிய ஜெசிகா. முன்னாள் மத்திய அமைச்சரின் மகன் முதல் குண்டைக் கூரையில் சுட்டார். அடுத்த குண்டு ஜெசிகாவின் தலையில். அவருக்கு வயது 34. அந்த இடத்துக்கு மது உரிமமே கிடையாது! 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை. நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சுட்டவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சுட்ட பிஸ்டல் மட்டும் கிடைக்கவே இல்லை!

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 2014-ல் துப்பாக்கியைப் பாருக்குள் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவர் யார்? ஆளுநர் நிக்கி ஹேலி, பஞ்சாபில் இருந்து போன பெற்றோரின் மகள்! அதே பஞ்சாபில் 2022 நவம்பரில் என்ன நடந்தது தெரியுமா? துப்பாக்கியைப் பொது இடத்தில் காட்டத் தடை, சமூக வலைத்தளத்தில் காட்டத் தடை, துப்பாக்கியைப் புகழ்ந்து பாடும் பாட்டுக்கும் தடை!