ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு

1898இல் மக்லியொட் மருத்துவமனை தோன்றிய இணுவிலிலே மகப்பேற்று மருத்துவம் புதியதன்று. இன்று அவ்வூர்க் கர்ப்பிணி ஒருவர் குடும்பநல உத்தியோகத்தர், தாய் சேய் நலச் சிகிச்சை நிலையம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஆகிய மூன்றையும் நாடக்கூடும். செலவோ வெவ்வேறு கணக்குகளிற் பதிகின்றது. அவருக்கான மொத்தச் செலவை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

மருந்து, பரிசோதனை ஆகிய நேர்ச் செலவுகளை அவர் பெயரிலேயே எழுதலாம். சம்பளம், மின்சாரம் முதலிய பொதுச் செலவில் விடுதிக்குரிய பங்கைப் படுக்கை நாள்களின் தொகையால் வகுத்து, அவர் தங்கிய நாள்களாற் பெருக்க வேண்டும். சிகிச்சை நிலையத்துக்கும் வீட்டுத் தரிசிப்புக்கும் வருகையே அலகாகும்.

எனினும் சராசரி, இயல்பான பேற்றையும் சிக்கலான பேற்றையும் ஒன்றாக்கிவிடும். பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் அரச கணக்கில் வாரா. 1951இல் அரச மருத்துவக் கட்டணம் நீக்கப்பட்ட நாட்டில் இம்மதிப்பீடு நோயாளியிடம் நீட்டும் விலைச்சீட்டாகலாகாது. வளம் எங்கே போதாதுள்ளதெனக் காட்டும் சான்றாகவே அமையவேண்டும் என்பது எமது கருத்து.