துயரத்தில் பிறந்த வகுப்பறை

எரிமலை பற்றியும் சூறாவளி பற்றியும் உங்கள் பிள்ளை உரத்த குரலில் மனப்பாடம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். பரீட்சை முடிந்த மறுவாரமே அது மறந்து போவதையும் கண்டிருப்பீர்கள். குறை பிள்ளையிடமா, கற்பிக்கும் முறையிலா?

1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்கோலிஃப், பாடசாலை ஆசிரியை, இரு பிள்ளைகளின் தாய். விண்ணிலிருந்து மாணவருக்குப் பாடம் நடத்தவே அவர் சென்றார்.

அந்தப் பாடம் நின்றுபோகக் கூடாது என்று எண்ணினார்கள், இறந்தவர்களின் குடும்பத்தினர். விண்ணோடத் தளபதியின் மனைவி ஜூன் ஸ்கோபியும் ஓர் ஆசிரியையே. அவரும் மற்றக் குடும்பங்களும் சேர்ந்து கல்வி நிலையங்களை அமைக்க முன்வந்தனர். முதலாவது நிலையம் 1988இல் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்டது.

அங்கே பாடம் எப்படி நடக்கிறது தெரியுமா? வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதியினர் விண்கலம் போல் அமைந்த அறைக்குள் இருப்பர். மறு பாதியினர் தரைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பர். இடையில் இரு சாராரும் இடம் மாறுவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் கவனம் தவறினால் மற்றவரின் வேலையும் தடைப்படும்.

மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகர நிலையம் நடத்திய ஒரு பயிற்சி இன்னும் சுவையானது. அதன் களம் கரீபியன் கடலிலுள்ள மொன்செராட் தீவு. 1995இல் அங்கு எரிமலை விழித்தது. தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டது. 1997 ஜூன் 25இல் 19 பேர் உயிரிழந்தனர். பயிற்சியிலோ எரிமலையோடு ஒரு சூறாவளியும் தீவை நெருங்கும். ஒரு குழு எரிமலையைக் கணிக்கும். இன்னொன்று சூறாவளியின் பாதையை வரையும். மற்றொன்று மக்களை வெளியேற்ற வழி தேடும். வேறொன்று செய்திகளைப் பரிமாறும். கணக்குப் பிழைத்தால் மக்களை அனுப்பும் திசையும் பிழைத்துவிடும் அல்லவா? அங்கேதான் பிள்ளை பாடத்தின் பெறுமதியை உணர்கிறது.

இதற்குப் பெரிய கருவிகள்தான் வேண்டுமென்று எண்ணாதீர்கள். ஒரு வரைபடத்தை விரித்து வையுங்கள். வெள்ளம் வருவதாகச் சொல்லுங்கள். மூத்தவனுக்குப் பாதை, மகளுக்கு உணவுக் கணக்கு, சின்னவனுக்குச் செய்தி என்று பொறுப்பைப் பகிருங்கள். தவறட்டும்; உடனே திருத்தாதீர்கள். தன் கையால் செய்து, தவறித் திருத்திக்கொண்டதைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.