பச்சையவுருமணியும் சூழல் நெருக்கீடும்

பரம்பரையலகு, சூழல் ஆகிய இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, உயிரின் இயல்பைத் தீர்மானிப்பது எதுவென வினவுவது பழைய வழக்கம். இவ்வினாவுக்கு முற்போக்கு அணியினர் ஒருகாலத்தில் அவசரப்பட்டு விடையளித்தனர். 1948ஆம் ஆண்டு சோவியத் நாட்டில் லைசெங்கோவின் கொள்கை அரச ஆதரவுடன் மேலாதிக்கம் பெற, பரம்பரையியல் ஒடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், பயிர்களின் தோற்றுவாய்களை ஆராய்ந்த வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். சூழலின் ஆற்றலை ஏற்பதற்குப் பரம்பரையலகை மறுக்க வேண்டியதில்லை. இதற்குப் பச்சையவுருமணி நல்லதொரு சான்றாகும்.

இலைக்கலங்களில் ஒளித்தொகுப்பு நிகழும் இடமே பச்சையவுருமணி. ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபற்றீரியா இனத்தின் வழிவந்த அது, தனக்கெனச் சிறிதளவு டி.என்.ஏ.யை இன்றும் கொண்டுள்ளது. 1986இல் யப்பானிய ஆய்வாளர் புகையிலையில் அதனை முழுமையாக வாசித்தறிந்தனர். ஏறத்தாழ 156,000 மூல இணைகள். பரம்பரையலகுகளோ நூற்றுச் சொச்சமே. பச்சையவுருமணிக்கு வேண்டிய ஏனைய ஆயிரக்கணக்கான புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் கலத்தின் கருவிலேயே உள்ளன. அவ்வாறாயின், இச்சிலவும் உற்பத்தித் தளத்திலேயே எஞ்சியிருப்பது ஏன்?

ஜோன் அலன் இதற்கொரு விளக்கம் கூறினார்: இலத்திரன் கடத்தலில் ஏற்படும் தடுமாற்றத்தை அவ்விடத்திலேயே உணர்ந்து, அவ்விடத்திலேயே சரிசெய்வதற்காக. 1999இல் அவரும் பன்ஷ்மிற், நில்சன் ஆகியோரும் கடுகு நாற்றுகளில் இதனைச் சோதித்தனர். இரு ஒளித்தொகுதிகளுள் ஒன்றுக்கு மட்டும் சாதகமான ஒளியை வழங்கியபோது, பின்தங்கிய தொகுதிக்குரிய பரம்பரையலகின் படியெடுப்பு சில நிமிடங்களிலேயே மாறலாயிற்று. பரம்பரையலகு மாறவில்லை; அது செயற்படும் வீதமே மாறியது.

கருவை மத்திய அரசாகவும் பச்சையவுருமணியை மாகாணமாகவும் உருவகிக்கும் ஆசை எமக்கு எழலாம். இலக்கிய மாணவருக்கேயுரிய சபலம் இது. படியெடுக்கும் நொதியங்களுள் முதன்மையானதன் மையப்பகுதி பச்சையவுருமணியின் பரம்பரையலகுகளால் ஆவது. அது எங்கே தொடங்கவேண்டுமெனச் சுட்டும் காரணிகளோ கருவின் பரம்பரையலகுகளால் ஆவன. உருவகம் இங்கேயே முறிந்துவிடுகிறது.

வரட்சி, உவர், வெப்பம், குளிர் ஆகியவற்றின் தாக்கம் டி1 எனும் புரதத்திற் தெளிவாகத் தெரியும். ஒளித்தொகுதி இரண்டின் நடுவிலுள்ள இப்புரதம் ஒளியாலேயே ஓயாது சேதமுறுவது. அதனால் ஓயாது புதிதாக ஆக்கப்படவும் வேண்டும். அதன் பரம்பரையலகு பச்சையவுருமணியிலேயே உள்ளது. நெருக்கீட்டின்போது சேதம் பெருகுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. முறாட்டா, நிஷியாமா ஆகியோர் சயனோபற்றீரியாவில் நடத்திய ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. நெருக்கீட்டில் மிகும் தாக்குதிறன்மிக்க ஒட்சிசன் வடிவங்கள், புரதத் தொகுப்பை நீட்டிச்செல்லும் காரணியொன்றை முடக்குகின்றன. எனவே சேதத்தை ஈடுசெய்யும் வேலைதான் முதலில் நின்றுபோகிறது. வரட்சியில் இலை வெளிறுவதைக் காணும் உழவருக்கு, அங்கு நின்றுபோன பழுதுபார்ப்பு கண்ணிற் படுவதில்லை.

2020இல் சீன ஆய்வாளர் டி1இன் பரம்பரையலகுப் பிரதியொன்றை நெல்லின் கருவிற் செருகி, வெப்பம் மிகும்போது அது தூண்டப்பட்டு இயங்குமாறு அமைத்தனர். வயலில் விளைச்சல் உயர்ந்தது. வெப்பம் அப்பரம்பரையலகை ஆக்கவில்லை. அதனை அங்கு வைத்தவர் மனிதர். அது இயங்கும் வேளையை மட்டுமே வெப்பம் குறிக்கிறது.