மணிக்குக் குழம்பு வேண்டாம்!

குழந்தைகளே, எங்கள் வீட்டு மணியை உங்களுக்குத் தெரியாது. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ அல்ல. சீவலப்பேரித் தெருவில் பிறந்த நாட்டு நாய்தான். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற ஊர் எங்களுடையது. நான் ஆற்றுக்குப் போனால் மணியும் கூடவே வரும். துவைத்து முடிக்கும்வரை படியில் உட்கார்ந்து என் துணிகளுக்குக் காவல் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை அது எழுந்து வரவில்லை. வைத்த சோறு அப்படியே இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துப் போயிருந்தது. (நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். நோயுற்ற நாய் வளர்த்தவரையே கடித்துவிடும்.) சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. பதறிப்போய் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

"என்ன சாப்பாடு போட்டீங்க டீச்சர்?" இதுதான் மருத்துவரின் முதல் கேள்வி.

"நாங்க சாப்பிடுறதுதான் டாக்டர். குழம்புச் சோறு."

"என்ன குழம்பு?"

அந்த வாரம் வீட்டில் ஒரு விசேஷம். சின்ன வெங்காயம் உரித்துப் போட்ட குழம்பு ஒரு சட்டி மிஞ்சிவிட்டது. வீணாக்க வேண்டாமே என்று இரண்டு நாளும் மணிக்கு அதையே ஊற்றினேன்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகப் பொருள்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடுமாம். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது. உடனே தெரியவும் செய்யாது. சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து விழும். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்துணவுப் பாடம் நடத்தியவள் நான். என் வாசலில் கிடந்த நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மணி பிழைத்துக்கொண்டது. ஆனால் பழையபடி ஓடப் பல நாள் ஆயிற்று.

அப்படியானால் நாய்க்குச் சோறே போடக்கூடாதா? போடலாம். நாயின் முன்னோர் ஓநாய்கள். மாவுச்சத்தைச் செரிக்க 'அமைலேஸ்' என்ற நொதி வேண்டும். அதற்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மனிதரோடு சேர்ந்து வாழ்ந்து, மனிதர் போட்டதைத் தின்று தின்று வந்த மாற்றம் இது! சோற்றை நன்றாக மென்றால் இனிக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதற்கு நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ்தான் காரணம். நாயின் உமிழ்நீரில் அது இல்லை என்றே சொல்லலாம். அதற்கு அந்த வேலை சிறுகுடலில் நடக்கிறது.

ஆனால் வெறும் சோறு போதாது. புரதமும் கொழுப்பும் வேண்டும். பாலும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குச் சத்துகள் சரியாகக் கிடைக்காமல் கால் வளைந்துபோவதும் உண்டு.

இன்னொரு செய்தி, புளி! நம் பக்கத்தில் புளி இல்லாமல் குழம்பு ஏது? திராட்சையும் உலர்திராட்சையும் தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவது வெகுகாலமாகத் தெரியும். ஏன் என்பது மட்டும் புரியாமல் இருந்தது. அமெரிக்காவில் ஒரு நாய், குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்றுவிட்டது. அதற்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு கலந்திருந்தது. திராட்சையிலும் அந்த அமிலம் உண்டு. காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். நம் புளியிலும் அது நிறைய இருக்கிறது. புளி தின்று பாதிக்கப்பட்ட நாய்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நாய் ஒரு வாய் ரசச்சோறு நக்கிவிட்டதென்று அழ வேண்டாம். தினமும் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பும் கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சாக்லேட்டும் நாய்க்கு விஷம். கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம்.

இப்போது எங்கள் வீட்டில் சோறு வடித்ததும், குழம்பு ஊற்றும் முன்பே மணியின் பங்கை எடுத்து வைத்துவிடுகிறோம். அதில் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து எலும்பு எடுத்த கோழிக்கறியோ, அவித்த முட்டையோ பிசைவோம். முள் எடுத்த மீன் கிடைத்தால் மணிக்குக் கொண்டாட்டம். கொஞ்சம் காரட் அல்லது பூசணிக்காய் சேர்ப்போம். காலையும் மாலையும் இரண்டே வேளை. குட்டி என்றால் மூன்று, நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது, சுண்ணாம்புச் சத்துக்கு என்ன சேர்ப்பது என்பதை நாயின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மண்சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கும். அது தின்னும்போது யாரும் பக்கத்தில் போய்த் தொடமாட்டோம்.

போன விடுமுறையில் பேத்தி வந்திருந்தாள். கையில் திருநெல்வேலி அல்வாப் பொட்டலம். மணி அவள் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டு வாலால் தரையைப் பெருக்கியது.

"பாவம் ஆச்சி, பாத்துக்கிட்டே இருக்கு. ஒரு துண்டு குடுக்கட்டுமா?"

"அவ்வளவும் நெய்யும் சீனியும். அதுக்கு வயிறு தாங்காது, தாயி."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் ஒரு வெள்ளரித் துண்டு கொண்டுவந்து போட்டாள். மணி அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மறுபடியும் அல்வாப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.