மிச்சமாகும் மின்சாரத்துக்கு யார் சம்பளம் வாங்குகிறார்கள்?

"அண்ணே, எனர்ஜி ஆடிட்டர் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். நல்ல சம்பளம்னு யூடியூப்ல சொல்றாங்க. நிஜமா?"

கேட்டது எங்கள் குருசுக்குப்பம் தெருப் பையன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, சேதராப்பட்டில் ஒரு சின்ன தொழிற்கூடத்தில் இரண்டு வருஷமாக மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறான். நான் சாஃப்ட்வேர் ஆள், உடனே பதில் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் டைம் குடு, படிச்சுட்டுச் சொல்றேன்"னேன். படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை. மின்சிக்கனத்தில் புதுச்சேரி இந்தியாவுக்கே முன்னோடி என்பது பலருக்கு மறந்தே போச்சு. 2014-ல் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனமும் நம் மின்துறையும் சேர்ந்து வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு கொடுத்தார்கள். நாம் கொடுத்தது பல்புக்குப் பத்து ரூபாய். ஈ.ஈ.எஸ்.எல். அப்போது வாங்கிய விலை 310 ரூபாய். மீதிப் பணம், மிச்சமாகும் மின்சாரத்திலிருந்து வருஷக்கணக்கில் திரும்ப வர வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டு, 2015 ஜனவரியில், இதுவே நாடு முழுக்க விரிந்து பின்னால் உஜாலா என்று பெயர் பெற்றது. மொத்தமாக வாங்க வாங்க, சில ஆண்டுகளில் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது.

60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 7 வாட் பல்பு. தினம் 5 மணி நேரம் எரிந்தால் ஒரு பல்புக்கு வருஷம் சுமார் 97 யூனிட் மிச்சம். பெரிய வெற்றிதான். ஆனால் வேலைவாய்ப்பு என்று பார்த்தால்? விநியோகம் செய்தவர்களுக்குச் சில வாரம் வேலை. பல்பு தயாரித்த தொழிலாளி "மின்சாதன உற்பத்தி" என்ற கணக்கில் போய்விடுவார். பல்பும் சீக்கிரம் பியூஸ் போகாது; மாற்றுகிற வேலைகூடக் குறைந்தது. மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு உழைத்தவர் தெரிவதில்லை. இந்தத் துறையின் முதல் குணம் இது.

இதனால்தான் "எனர்ஜி எஃபிஷியன்சி துறையில் சராசரி சம்பளம் இவ்வளவு" என்று ஒற்றை எண் போடும் பக்கங்களை நான் நம்புவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை ஆண்டுதோறும் ஒரு வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிடுகிறது. அதில் இந்தத் துறைக்கு 20 லட்சத்துக்கும் மேல் வேலைகள் என்று கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பங்கு கட்டுமானம் சார்ந்தது: சுவருக்கு இன்சுலேஷன் வைப்பவர், ஏ.சி. பொருத்துபவர், எலக்ட்ரீஷியன். ஆடிட்டரும் ஏ.சி. மெக்கானிக்கும் ஒரே பட்டியலில் வரும்போது, சராசரி இருவருக்குமே பொருந்தாது.

சரி, நம் நாட்டில் இதையே பெயராகக் கொண்ட வேலை எங்கே இருக்கிறது? சட்டம் சொல்கிற இடத்தில். எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001-ல் வந்தது; 2002 மார்ச் 1 அன்று பி.இ.இ. என்ற எரிசக்தித் திறன் வாரியம் தொடங்கியது. அதிகமாக எரிசக்தி செலவழிக்கும் ஆலைகளை அரசு பட்டியலிடும். பட்டியலில் இருக்கிற ஆலை, பி.இ.இ. தேர்வு எழுதிச் சான்று பெற்ற ஒரு எனர்ஜி மேனேஜரை வைத்தே ஆக வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில், அங்கீகாரம் பெற்ற ஆடிட்டரைக் கொண்டு ஆடிட்டும் செய்ய வேண்டும்.

தேர்வில் மேனேஜருக்கு மூன்று தாள், ஆடிட்டருக்கு நான்கு. ஆனால் பட்டம் மட்டும் போதாது. பி.இ. படித்தவருக்கு 3 ஆண்டு, டிப்ளமோவுக்கு 6 ஆண்டு அனுபவம் வேண்டும். அதுவும் எரிசக்தியைப் பயன்படுத்தும் இயக்கம், பராமரிப்பு, திட்டமிடல் போன்ற வேலையில். என் இருபது வருஷ சாஃப்ட்வேர் அனுபவத்தைக் கொண்டுபோய் வைக்க முடியாது. நம்ம பையனின் மெயின்டனன்ஸ் வேலை கணக்கில் சேரும்.

2012-ல் வந்த 'பாட்' திட்டம் இதற்கு இன்னும் எடை கூட்டியது. முதல் சுற்றில் 8 துறைகளில் 478 ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள். இலக்குக்கு மேல் மிச்சம் பிடித்தால் விற்கக்கூடிய சான்றிதழ். தவறினால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அப்போதுதான் ஆடிட்டர் போடும் கையெழுத்துக்கு விலை வந்தது. 2022 சட்டத் திருத்தம் கார்பன் கிரெடிட் வணிகத்துக்கும் வழி திறந்திருக்கிறது. அங்கேயும் சரிபார்க்க ஆள் வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஒரு வாசல்படி உண்டு. ஜவுளி ஆலை பட்டியலில் வர ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி செலவழிக்க வேண்டும். முழுக்க மின்சாரம் என்று வைத்தால் அது சுமார் மூன்றரை கோடி யூனிட். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பேட்டைகளில் இருக்கிற சின்னப் பட்டறைகளுக்கு இது எட்டாத உயரம். அங்கே எந்தச் சட்டமும் "ஆள் வை" என்று சொல்லாது.

மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. நம்ம பையன் போன வருஷம் கம்ப்ரசர் லைனில் ஒரு லீக் கண்டுபிடித்தான். சாப்பாட்டு நேரத்தில் மிஷின்கள் நின்றபோது 'உஸ்ஸ்'னு சத்தம் கேட்டிருக்கிறது. அளவில் 3 மி.மீ. ஓட்டை. 7 பார் அழுத்தத்தில் இப்படி ஒரு ஓட்டை சுமார் 3 கிலோவாட்டைச் சாப்பிடும். வருஷம் 6,000 மணி நேரம் ஓடினால் 18,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 1,26,000 ரூபாய். அடைக்க ஆன செலவு சில நூறு. "முதலாளி என்ன சொன்னாரு?"ன்னு கேட்டேன். "குட்னாருண்ணே." அவ்வளவுதான்.

அவர் கெட்டவர் இல்லை. அவன் கணக்கு எழுதிக் காட்டவில்லை. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளக்கவும் இல்லை. அதற்குள் உற்பத்தி கூடியதால் கரண்ட் பில்லும் கூடிவிட்டது. நடக்காத செலவை எப்படிக் காட்டுவது? உலகம் முழுக்க 'எஸ்கோ' கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். மிச்சத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டால், சண்டை வருவது அடிப்படை அளவு எது என்பதில். உற்பத்தி, வெயில், ஷிப்ட் எல்லாவற்றையும் கழித்து நிரூபிக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே பணம்.

ஆக, எனக்குப் புரிந்தது: இந்தத் துறையில் சம்பளத்தைத் தீர்மானிப்பது மிச்சமான யூனிட் அல்ல. ஒன்று, சட்டம் கேட்கும் கையெழுத்து உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால், மிச்சத்தை அளந்து நிரூபிக்கும் திறமை வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு 'குட்'தான்.

மூன்றாவதாக, இதில் இழப்பவர்களும் உண்டு. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். 75 வாட் ஃபேன் போய், முப்பது வாட்டை ஒட்டிய பி.எல்.டி.சி. ஃபேன் வருகிறது. பழைய ஃபேன் எரிந்தால் காயில் கட்டுகிற கடைக்குப் போகும். புதியதில் பெரும்பாலும் போவது எலக்ட்ரானிக் போர்டு. அதைக் கழற்றிப் புதுசு மாட்டுவதோடு வேலை முடிகிறது. முப்பது வருஷம் காயில் கட்டிய கைக்கு அங்கே இடமில்லை. இன்வெர்ட்டர் ஏ.சி.யிலும் இதே கதை. அந்தக் கைகளுக்குப் போர்டு பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பதும் மின்சிக்கனத் திட்டத்தின் செலவில் சேர வேண்டும் என்பது என் கருத்து.

பையனுக்குச் சொன்ன பதில் இது. "பரீட்சை எழுது, ஆனா இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்குள்ள ஒரு நோட்டுப் போடு. எந்த மோட்டார், எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம், அன்னைக்கு உற்பத்தி எவ்வளவு, எல்லாம் எழுது. அடுத்த லீக்கை அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அள, அடைச்ச பிறகு ஒரு வாரம் அள. எக்செல்ல போட நான் உதவி பண்றேன். அந்தத் தாளோட முதலாளிகிட்டப் போ."

"கூடக் குடுப்பாராண்ணே?"

"இவர் குடுக்கலைன்னா, அந்த நோட்டைப் பார்த்து இன்னொருத்தர் குடுப்பார்"னேன். இது என் நம்பிக்கை. நோட்டின் முதல் பக்கம் மட்டும் இப்போதைக்கு நிரம்பியிருக்கிறது.